ஓலா, ஓலெ, ஓலுஃப்: ஒரே ஆளா?

நீங்கள் மொழிபெயர்க்கும் பழைய நார்வேக் கடிதங்களில் ஓலா, ஓலெ, ஓலுஃப் என்று வருவது ஒருவரா மூவரா என்று கேட்டிருந்தீர்கள். பெயர் ஒன்றுதான், ஓலாவ். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸில் ஓலாஃப்ர். ‘முன்னோர் விட்டுச்சென்றவன்’, அதாவது வாரிசு என்று பொருள். சுவீடனில் ஓலோஃப், ஐஸ்லாந்தில் ஓலாஃபுர்.

வீட்டில் ஓலா என்று கூப்பிட்ட பையனையே, டேனிஷ் எழுத்து வழக்கில் பழகிய பாதிரியார் ஞானஸ்நானப் பதிவில் ஓலெ என்று எழுதிவிடுவார். அதனால் எழுத்து வேறுபாட்டை நம்பாதீர்கள். ஆனால் ஒரு சிக்கல்: மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அந்தக் காலத்தில் அங்கே வழக்கம். ஒரே பண்ணையில் இரண்டு ஓலாக்கள் சாதாரணம். அவர்களைப் பிரித்தறிய ‘ஹான்சென்’ (ஹான்ஸின் மகன்) போன்ற தந்தைவழிப் பெயர், வாழ்ந்த பண்ணையின் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.