நாவலின் நடுப்பகுதி இழுத்தால் என்ன செய்வது?

தொடக்கமும் முடிவும் நன்றாக வந்திருக்க, நடுப்பகுதி மட்டும் ஏன் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அங்கே பக்கங்கள் ஓடும், ஆனால் எதுவும் மாறியிருக்காது.

முதல் வரைவை முடித்துவிட்டு, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே வரி எழுதிப் பாருங்கள்: யாருக்கு என்ன மாறியது? 'இருவரும் பேசிக்கொள்கிறார்கள்' என்று மட்டும் வந்தால் வெட்டுங்கள், அல்லது அடுத்த அத்தியாயத்தோடு சேர்த்துவிடுங்கள். 'அண்ணன் நிலத்தை விற்றுவிட்டது தங்கைக்குத் தெரியவருகிறது' என்று வந்தால் சரி, அது இருக்கட்டும்.

அப்புறம், நிலத்தை விற்ற பத்திரம் தங்கையின் கையில் சிக்கும் இடத்துக்கு இரண்டு பக்கம்கூடக் கொடுக்கலாம். அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு ஒரு வரி போதும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; பயணத்தையும் காலைக் காப்பியையும் விரிவாக எழுதிவிட்டு, வாசகர் காத்திருந்த சண்டையை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள்.