சொந்தமாகக் கட்டிய அலுமினிய விமானத்துக்குக் கார் பெயிண்டரை வைத்து பெயிண்ட் அடிக்கலாமா?

அமெரிக்காவில் ஆர்வி-7 (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் சிறிய விமானம்) கட்டிக்கொண்டிருப்பதாகவும், விமான பெயிண்ட் கடைகள் சொல்லும் தொகை கட்டுப்படியாகவில்லை என்பதால் தெரிந்த கார் பெயிண்டரிடம் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம். ஆனால் விமானத்தை அவர் பட்டறையில் விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். வேலை முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

நானும் என் மனைவியும் ஹூஸ்டன் பக்கம் ஒரு ஆர்வி-7ஏ கட்டினோம். அதற்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரும் கார் பெயிண்டர்தான். நல்ல கைக்காரர், அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. முதல் நாளே மாஸ்கிங் டேப்பை இறக்கைமேல் ஒட்டிவிட்டு, ஓரத்தை நேராக நறுக்க பிளேடை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. கார் கதவில் அப்படி விழும் கீறல் பெயிண்டுக்கு அடியில் காலம் முழுக்கச் சும்மா கிடக்கும். இங்கே இறக்கைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சுமையைத் தாங்குவதில் அந்தத் தகட்டுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு பறத்தலிலும் அது இழுபடும்போது, கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். போயிங் 737களிலேயே, இடுக்குகளை அடைக்கும் பழைய சீலண்டைக் கூர்மையான கருவியால் சுரண்டியதில் விழுந்த கீறல்கள் விரிசலாகி, அவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லி எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த விரிசல்களின் படங்களைக் காட்டியபிறகு அவர் பிளேடைத் தொடவில்லை.

இன்னொன்று, தகட்டைத் தேய்ப்பது. நம் தகடு 2024-டி3 ஆல்கிளாட் என்ற ரகம். உள்ளே இருப்பது செம்பு கலந்த அலுமினியம், வலுவானது, ஆனால் சீக்கிரம் அரிக்கும். அதைக் காப்பதற்கென்றே மேலே மெல்லிய தூய அலுமினியப் பூச்சு இருக்கிறது. உப்புத்தாளை மெஷினில் மாட்டித் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும். மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் (சொரசொரப்பான தேய்ப்பு நார்) வைத்துக் கையால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். இரும்பு நாரைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம், அதன் துகள் பதிந்த இடமெல்லாம் அரிப்பு வரும். ரிவெட் தலைகளை மறைக்கப் பட்டி பார்க்கிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள், வீண் எடை. பெயிண்ட் இல்லாமலே பல வருடம் பறக்கிற ஆர்விகள் உண்டே என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்டு, வறண்ட ஊர்களில். எங்களுக்கு மெக்சிகோ வளைகுடாவின் உப்புக் காற்று.

இதுவரை சொன்னதெல்லாம் தகட்டைப் பற்றியது. உயிரைப் பற்றிய விஷயம் விமானத்தைத் திருப்பும் அசையும் பாகங்களில், அதாவது எலிவேட்டர் (வாலில், மூக்கை ஏற்றி இறக்க), எய்லரான் (இறக்கையில், பக்கவாட்டில் சாய்க்க), ரட்டர் (வாலில், மூக்கை இடம் வலம் திருப்ப) மூன்றிலும் இருக்கிறது. எலிவேட்டரின் கொம்பில் (முன்னால் நீண்டிருக்கும் நுனியில்) ஈயமும், எய்லரானின் முன் ஓரத்தில் இரும்புக் குழாயும் ஏன் வைத்தோம்? ஹிஞ்சுக்கு, அதாவது அந்தப் பாகம் திரும்பும் கீலுக்குப் பின்னால் எடை கூடினால், வேகத்தில் அந்தப் பகுதி தானாகவே படபடக்க ஆரம்பிக்கும். ஃபிளட்டர் என்பார்கள். சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது அது. பெயிண்டோ பெரும்பாலும் ஹிஞ்சுக்குப் பின்னால்தான் விழுகிறது, அதிலும் பின் ஓரத்தில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் நெம்புகோல் நீளம் அதிகம். நாங்கள் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக பெயிண்ட் அடித்து, காய்ந்தபிறகு ஒவ்வொன்றையும் சமநிலை பார்த்தோம். இடது எலிவேட்டர் பின்பக்கம் சாய்ந்தது. ஈயம் சேர்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் மாட்டினோம். எலிவேட்டரிலும் கோடு போட்டு மேலே பளபளப்புக்காக இன்னொரு பூச்சு கிளியர் (நிறமற்ற பெயிண்ட்) அடிக்கலாம் என்று பெயிண்டர் ஆசைப்பட்டார், நான் வேண்டாம் என்றேன். கட்டும்போதே சமநிலை பார்த்தாகிவிட்டது, போதாதா என்பவர்களுக்கு: போதாது. பெயிண்டுக்குப் பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

நீங்களே ஸ்ப்ரே கன் பிடிப்பதாக இருந்தால், பாலியூரித்தேன் பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். அதன் வாசனை தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும் என்பதால், கரி ஃபில்டர் மாஸ்க்கை நம்பி நிற்க முடியாது. வெளியிலிருந்து காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் வேண்டும். கார் பெயிண்டர்கள் பலர் இதில் அலட்சியம். நம் வேலைக்கு வருகிறவரின் நுரையீரலும் நம் பொறுப்புதான்.

உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஸ்டேட்டிக் துளைகளை, பெயிண்ட் அடிக்கும்போது கண்ணைப் பறிக்கும் நிற டேப்பால் மூடுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காமலிருக்க, ஒட்டியவர் பெயரோடு பட்டியல் எழுதி வையுங்கள். 1996இல் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 பயணிகள் விமானத்தில், கழுவும்போது ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதால் உயரமும் வேகமும் தவறாகக் காட்டி 70 பேர் இறந்தார்கள். எல்லாம் முடிந்ததும் விமானத்தை மறுபடி எடை போட்டு, புவிஈர்ப்பு மையத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். எங்களுக்கு பெயிண்ட் மட்டும் சுமார் 20 பவுண்டு ஏறியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. இத்தனையையும் நாங்கள் வாடகைக் கொட்டகையில் பிளாஸ்டிக் ஷீட் கட்டிச் செய்தோம். காரணம், பக்கத்து விமான நிலையத்தில் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் நாங்கள் கிடக்க, உள்ளே படகுகளும் பழைய சோபாக்களும் இருந்தன. சொந்த விமானம் கட்டுவதும் ஹேங்கரின் முறையான பயன்பாடுதான் என்று எஃப்ஏஏ 2016இலேயே கொள்கை வெளியிட்டுவிட்டது. அந்தத் தாளை எடுத்துப்போய்க் காட்டினேன். பார்க்கலாம் என்றார்கள், இன்றுவரை பார்க்கவில்லை. உங்களுக்கு ஹேங்கர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அதற்குள் ஸ்ப்ரே அடிப்பதைத் தீ விதிகளும் வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் தடுக்கும், பெயிண்ட் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.