போர் ஓய்ந்த நாட்டில் ஆட்சி எப்படி வேரூன்றுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு தேர்தல் நடத்தியும் அங்கோலாவில் மீண்டும் போர் மூண்டது, மொசாம்பிக்கில் மூளவில்லை. இந்த வேறுபாடு ஏன்?

பதில்: அங்கோலாவில் 1992 செப்டம்பரில் மக்கள் வாக்களித்தபோது அரசு, கிளர்ச்சி இயக்கமான யுனிட்டா என இரு தரப்புப் படைகளும் முழுமையாகக் கலைக்கப்பட்டிருக்கவில்லை, அந்தப் பரந்த நாட்டைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பிய இராணுவப் பார்வையாளர்களோ சுமார் 350 பேர்தான். அதிபர் பதவியை வென்றவருக்கு எண்ணெய் வருவாய் முழுவதும் கிடைக்கும், தோற்றவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது என்ற நிலையில், யுனிட்டா தலைவர் ஜோனாஸ் சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். அவர் கையில் படை இருந்தது, பின்னர் அதற்குத் தீனி போட வைரமும் இருந்தது. 1994இல் லுசாகாவில் இன்னோர் உடன்படிக்கை கையெழுத்தானபோதிலும், 2002இல் அவர் கொல்லப்பட்ட பிறகே போர் முடிவுக்கு வந்தது.

மொசாம்பிக் இந்தத் தோல்வியைக் கண்ணெதிரே கண்டது. 1992 அக்டோபரில் ரோமில் உடன்படிக்கை ஏற்பட்டாலும், படைக்கலைப்புக்கு அவகாசம் தந்து தேர்தல் 1994 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. வீரர்கள் களத்தில் இருந்தார்கள். கிளர்ச்சி இயக்கமான ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே தனி நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆயுததாரிகளுக்குப் பணமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. என் கணிப்பில், அந்த நடவடிக்கையில் செலவிடப்பட்ட மிகப் பயனுள்ள பணம் அதுவே. ரெனாமோ தோற்றது, ஆனால் 250 இடங்களில் 112 இடங்களுடன் தோற்றது. (2013 வாக்கில் மோதல்கள் மீண்டும் தலைதூக்கி, 2019இல் புதிய உடன்படிக்கை தேவைப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.)

கேள்வி: அப்படியானால் அதிகாரத்தை முன்கூட்டியே பங்கிட்டுவிடலாமே?

பதில்: பங்கிடலாம், ஆனால் பிறகு அந்தப் பங்கீட்டை மாற்றுவது பெரும்பாடு. 1995ஆம் ஆண்டு டேட்டன் உடன்படிக்கை போஸ்னியாவில் கொலைகளை நிறுத்தியது. கூடவே, மூவர் கொண்ட அதிபர் அவையைப் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்கள்), குரோவாசியர், செர்பியர் ஆகியோருக்கு மட்டும் ஒதுக்கியது. யூதரோ ரோமா இனத்தவரோ அதற்குப் போட்டியிட முடியாத இந்த விதி பாகுபாடானது என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தும், ஆண்டுகள் பல உருண்டோடிய பின்னும் அது திருத்தப்படவில்லை. முட்டுக்கட்டைகளை உடைக்க, உடன்படிக்கை நிறைவேறுவதை மேற்பார்வையிட்ட வெளிநாட்டு உயர் பிரதிநிதிக்கு 1997இல் கூடுதல் அதிகாரம் தரப்பட்டது; 2004 ஜூன் 30 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 60 அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் அவர் பதவிநீக்கம் செய்தார். வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவர் ஜனநாயகத்தைக் காப்பது என்பது எவ்வளவு விசித்திரம்!

கேள்வி: ஐ.நா.வே சில காலம் நேரடியாக ஆண்டால் என்ன?

பதில்: கிழக்குத் திமோரில் 1999 முதல் 2002 வரை அப்படித்தான் ஆண்டது. ஆனால் 2006இல், பாகுபாடு காட்டப்படுவதாக முறையிட்ட ஏறத்தாழ 600 படைவீரர்கள் நீக்கப்பட்டதும், இராணுவமும் காவல்துறையும் தலைநகர் டிலியில் ஒன்றையொன்று சுட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வெளியேறினர். அமைச்சகங்களை நிறுவ முடிந்தவர்களால், துப்பாக்கி ஏந்திய இரு அமைப்புகளுக்கிடையே இருந்த பகையைத் தீர்க்க முடியவில்லை.

கேள்வி: வெளியார் தலைமையின்றி இது எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் நடந்திருக்கிறது. 1993இல் போராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, அதிபரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் அவையையே நாடாளுமன்றத்தின் மேலவையாக்கினார்கள். ஆனால் அந்த மேலவை உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அதன்பின் நடக்கவே இல்லை.