என்.டி.ஏ. தவறினால் கடற்படைக் கனவு அவ்வளவுதானா?

வணக்கம் சார்.

மகள் கடற்படைதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள், பயிற்சி மையத்தில் கொடுத்த அட்மிரல்களின் பெயர்களை ராத்திரியெல்லாம் உருப்போடுகிறாள், என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) கிடைக்காவிட்டால் உடைந்துபோவாளோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பட்டியலை மூடிவைக்கச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு நேர்காணலில் ஐந்து நாளும் ஆளைத்தான் எடைபோடுவார்கள். தளபதிகளை வரிசையாக ஒப்பிப்பதால் பயன் இல்லை. அதற்குப் பதில், அவர்களில் இரண்டு மூன்று பேர் எந்த வழியாகக் கடற்படைக்குள் வந்தார்கள் என்று படிக்கட்டும்.

ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். 1927இல், வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளைத் தயார் செய்த டஃபரின் பயிற்சிக் கப்பலில் முதல் அணியில் சேர்ந்தார். அப்புறம் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்று அளவைப் பணி. 1939இல் உலகப் போர் மூண்டபோதுதான் கடற்படையின் ரிசர்வ் பிரிவுக்கு வந்தார். அவர்தான் 1958 ஏப்ரலில் கடற்படையின் முதல் இந்தியத் தளபதி. தரைப்படைக்கு 1949இலேயே இந்தியத் தளபதியாகக் கரியப்பா வந்துவிட்டார். கடற்படையில் மூத்த இந்திய அதிகாரிகள் குறைவு என்பதால் அதுவரை ஆங்கிலேயர்களே தலைமையில் இருந்தார்கள்.

1971 பாகிஸ்தான் போரில் கராச்சியைத் தாக்கத் துணிந்த அன்றைய கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தாவும் ரிசர்வ் வழியாக வந்தவர்தான். சிறுவயதில் கராச்சித் துறைமுகத்தை ஒட்டிய மனோராவில் வளர்ந்தவர். அந்தத் துறைமுகம் அவருக்கு அத்துப்படி.

கேப்டன் முல்லாவைப் பற்றிப் படித்ததிலிருந்து உங்கள் வீட்டம்மாவுக்குத் தூக்கமில்லை என்கிறீர்கள். நியாயமான பயம். அதே போரில், 1971 டிசம்பர் 9 அன்று, தான் தலைமை தாங்கிய குக்ரி போர்க்கப்பலோடு அவரும் மூழ்கினார். ஆபத்தே இல்லாத வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இதை மகளோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பெண்களில், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவைப் பற்றிக் கட்டாயம் படிக்கட்டும். அவர் வேலை பார்ப்பது ஆயுதத் தரப் பரிசோதனைப் பிரிவில். ஆனாலும் கோழிக்கோட்டுக்காரரான தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. என்.டி.ஏ.வில் கடற்படைக்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். அவள் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லையே? தேர்வை எழுதட்டும், கூடவே பொறியியல் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கட்டும். பட்டம் முடித்தவர்களைக் குறுகிய காலப் பணிக்கு எடுக்கக் கடற்படை தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. அதற்கும் எஸ்.எஸ்.பி. உண்டு. பயிற்சி மையத்துக்கு அடுத்த தவணை கட்டுவதற்கு முன்னால், கண் மருத்துவரிடம் பார்வையையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் சோதித்துவிடுங்கள்.