அமெரிக்க காங்கிரஸ் பிரைமரில முற்போக்கு வேட்பாளருக்கு ஏன் ஓட்டு போடணும்?

நவம்பர் பொதுத்தேர்தல்ல எப்படியும் டெமாக்ரட் கட்சிக்குத்தானே போடப்போறோம், பிரைமரில, அதாவது கட்சி தன் வேட்பாளரத் தேர்ந்தெடுக்குற உள்தேர்தல்ல, யாரு நின்னா என்னன்னு கேட்டிருக்கீங்க. நியூயார்க்ல குயின்ஸும் பிராங்க்ஸும் சேர்ந்த 14வது தொகுதிய பாருங்க, டெமாக்ரட்டுங்க கோட்டை அது, அதனால நிஜமான தேர்தலே பிரைமரிதான். அங்க ஜோ க்ரௌலிங்கறவரு 1999லேர்ந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல இருந்தாரு, குயின்ஸ்ல டெமாக்ரட் கட்சித் தலைவராவும் இருந்தாரு, 2004க்கு அப்புறம் 2018 வரைக்கும் பிரைமரில அவர எதிர்த்து யாருமே நிக்கல. 14 வருஷமா ஜனங்களுக்கு வேற சாய்ஸே இல்லாம இருந்துச்சுங்க!

2018 ஜூன் 26ல 28 வயசு அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் பிரைமரில அவர எதிர்த்து நின்னு ஜெயிச்சாங்க. அந்தத் தொகுதில சுமார் 7 லட்சம் பேர் இருக்காங்க ஆனா பதிவான ஓட்டு 30 ஆயிரம் பக்கம்தான், ஒரு 2 ஆயிரம் சொச்சம் பேர் மாத்திப் போட்டிருந்தா முடிவே மாறியிருக்கும், உங்க ஒரு ஓட்டுக்கு இவ்ளோ வெயிட் நவம்பர்ல கிடைக்காது.

கார்ப்பரேட் பேக் (கம்பெனிங்க சார்பா தேர்தலுக்குப் பணம் கொடுக்குற குழு) பணம் வாங்க மாட்டேன்னு சொல்லி நின்னதால எல்லாருக்கும் மெடிகேர்னு, அதாவது எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடுன்னு, அவங்களால தைரியமா பேச முடிஞ்சுது, எனக்கு இதுதான் பெரிய காரணம். 2019 பிப்ரவரிலயே பருவநிலை மாற்றத்தச் சமாளிக்கறதுக்கான பசுமை புதிய ஒப்பந்தத் (Green New Deal) தீர்மானத்த கொண்டு வந்தாங்க. நியூயார்க்ல கட்சில பேர் பதிஞ்சவங்க மட்டும்தான் பிரைமரில ஓட்டு போடலாம், அத இப்பவே செக் பண்ணிடுங்க.