ஐந்து டாலர் சந்தாவில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: அமெரிக்காவில் இருந்து ஆங்கிலத்தில் வாராவாரம் நியூஸ்லெட்டர் எழுதுகிறேன். சப்ஸ்டாக் என்ற நியூஸ்லெட்டர் தளத்தில் 2,000 பேர் இலவசமாகப் படிக்கிறார்கள். மாதம் 5 டாலர், வருடம் 50 டாலர் என்று சந்தா வைத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: முதலில் அந்த 5 டாலரைப் பிரித்துப் பாருங்கள். சப்ஸ்டாக்குக்கு 10 சதவீதம், அதாவது 50 சென்ட். அட்டைப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் 2.9 சதவீதமும் அதற்கு மேல் 30 சென்ட்டும் பிடிக்கும். தொடர் சந்தா என்பதால் இன்னொரு 0.7 சதவீதம். எல்லாம் போக 4.02 டாலர் மிஞ்சும். கையைக் கடிப்பது அந்த 30 சென்ட்தான். தொகை சிறிதோ பெரிதோ, ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அது உண்டு. வருடச் சந்தாவில் ஒரே முறை என்பதால் 50 டாலரில் 42.90 நிற்கும்.

மாதச் சந்தாவில் 12 தவணைக்கு 48.24 வருமே என்று தோன்றும். யாரும் விலகாவிட்டால் வரும். மாதம் நூற்றுக்கு 5 பேர் விலகினால் வருட முடிவில் 54 பேர்தான் இருப்பார்கள். சராசரியாக ஒருவர் கட்டியது 9 தவணைக்குச் சற்று மேல். உங்களுக்குக் கிடைப்பது தலைக்கு 37 டாலர். எழுத்து பிடிக்காமல்தான் எல்லோரும் போகிறார்கள் என்றில்லை, அட்டை காலாவதியாகிப் பணம் எடுபடாமலும் சந்தா நின்றுபோகும். ஆகவே வருடச் சந்தாவையே முன்னால் வையுங்கள்.

எத்தனை பேர் பணம் கட்டுவார்கள்? 3 சதவீதம் என்று குறைத்தே போடுங்கள்: 60 பேர், எல்லோரும் வருடச் சந்தா எடுத்தால் வருடத்துக்கு 2,574 டாலர். மாதத்துக்கு 215 டாலர்கூட இல்லை. இதிலும் சுயதொழில் வரி 15.3 சதவீதம், வருமான வரி தனி. உபரி வருமானமாகக் கட்டுப்படியாகும், இதை நம்பி வேலையை விடாதீர்கள். இன்னொன்று: வருடச் சந்தா வந்த அன்றே செலவழிக்கிற பணமில்லை. பாதியில் எழுதுவதை நிறுத்தினால் மிச்ச மாதங்களுக்குத் திருப்பித் தருவதுதான் நியாயம்.

கேள்வி: கமிஷனே இல்லாத கோஸ்ட் என்ற தளத்துக்கு மாறினால்?

பதில்: அங்கே கமிஷனுக்குப் பதில் நிலையான கட்டணம், ஸ்ட்ரைப் பிடித்தம் அங்கும் உண்டு. மேலே சொன்ன 60 பேருக்கு சப்ஸ்டாக் எடுப்பது வருடத்துக்கு 300 டாலர், மாதம் 25. கோஸ்ட் திட்டம் அதற்கு மேல் போனால் இப்போதைக்கு மாற வேண்டாம். பிறகு மாறினாலும் மின்னஞ்சல் பட்டியலும் ஸ்ட்ரைப் கணக்கும் உங்களுடையவை. வாசகர்கள் அட்டை விவரத்தை மறுபடி தர வேண்டியதில்லை. ஐபோனில் சப்ஸ்டாக் செயலி வழியாக, ஆப்பிள் மூலம் கட்டிய சந்தாக்கள் மட்டும் உங்களோடு வராது, அந்த வாசகர்களுக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.