மன்சூரியனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரஜானவின் ‘மாதுளையின் நிறம்’ படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு இசையமைத்த ஆர்மீனியர் திக்ரான் மன்சூரியனைத் தேடினேன். முதலில் கிடைத்தது, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையான ‘ரெக்வியம்’. பஸ்ஸில் இயர்போனில் கேட்டேன். பாதியைத் தாண்ட முடியவில்லை. ஒரே துக்கமாக ஊர்ந்து போகிறது, பல இடங்களில் எதுவுமே கேட்கவில்லை. நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். மேற்கத்திய இசையில் பயிற்சி இல்லாததுதான் காரணமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பயிற்சி ஒரு தடையே இல்லை. தொடங்கிய படைப்பும் கேட்ட இடமும் உங்களுக்குக் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான். மன்சூரியனின் தந்தி வாத்தியங்கள் பல இடங்களில் மூச்சளவு ஓசையில்தான் நுழைகின்றன. பஸ் இன்ஜின் அதை விழுங்கிவிடும். ஒலியைக் கூட்டினால் அடுத்த உரத்த பகுதி காதைக் குத்தும். இரவில், அறையில், ஸ்பீக்கரில் கேளுங்கள்.

படத்தையும் அளவுகோலாக வைக்க வேண்டாம். 1969இல் வந்த அந்தப் படத்தில் இருப்பது தேவாலயப் பாடல், நாட்டு வாத்தியம், வெறும் ஓசைகள் எல்லாம் அடுக்கிய ஒலிக்கோவை. 1939இல் பெய்ரூட்டில் பிறந்து, 1947இல் குடும்பத்தோடு சோவியத் ஆர்மீனியாவுக்கு வந்த மன்சூரியன், யெரெவான் இசைக்கல்லூரியில் படித்து, 1990களில் அதற்கே தலைவராகவும் இருந்தார். இளமையில் ஐரோப்பிய நவீன இசையமைப்பாளர்களான வெபர்ன், பூலேஸ் வழியில் எழுதிப் பார்த்தார். நிலைத்தது கோமிதாஸ் (1869–1935) வழி. ஆர்மீனியக் கிராமங்களில் பாடல்களைச் சேகரித்த பாதிரியார் அவர். 1915இல், ஒட்டோமான் ஆட்சியில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையின்போது கைதாகி உயிர் தப்பினாலும் மனம் குலைந்து பாரிஸில் இறந்தார்.

அதனால் 2003இல் வந்த ‘ஹைரென்’ தொகுப்பில் தொடங்குங்கள். கிம் கஷ்கஷியன் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்க, கோமிதாஸ் பாடல்களை மன்சூரியனே பியானோவில் அமர்ந்து பாடுகிறார். பாடகரின் குரல் அல்ல அது, கரகரப்பான வயதான குரல். ஆனால் அவர் இசையின் வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. அடுத்து ‘லாக்ரிமே’ (1999): ஒரு வயோலா, ஒரு சோப்ரானோ சாக்ஸபோன், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உங்கள் காதுக்கு ஒரு வசதி உண்டு. ஆர்மீனியாவில் துதுக் என்ற குழல் வாத்தியம் வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுவார். அதற்கு ‘தம்’ என்று பெயர், நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. மன்சூரியனின் தந்தி வாத்தியங்கள் நீளமாக நிற்கும்போது அந்த ‘தம்’ மரபை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே போகும் ஒற்றைப் பாட்டுவரி தானாகப் பிடிபடும். ஆனால் ஆலாபனை போல விரிந்துகொண்டே போகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். நாலைந்து ஸ்வரத்தில் ஒரு வரி, நிறுத்தம், மறுபடி வேறு உயரத்தில் ஒரு வரி. பேச்சின் நீளம்தான் அவருடைய அளவு. நிறுத்தங்களை இடைவெளி என்று தள்ளிவிட்டால் பாதி இசை போய்விடும்.

12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நெர்செஸ் ஷ்னொர்ஹாலியின் பிரார்த்தனைக்கு, நான்கு ஆண் குரல்களும் ஒரு வயோலாவும் கொண்டு 1998இல் எழுதியதையும் கேட்டுவிடுங்கள். ‘மொனோடியா’ தொகுப்பில் ‘லாக்ரிமே’யோடு இருக்கிறது.

பிறகு ‘ரெக்வியம்’. 1915 இனப்படுகொலையில் மாண்டவர்களின் நினைவுக்கு 2011இல் எழுதியது. சொற்கள் ரோமன் கத்தோலிக்க லத்தீன், பாடும் முறையோ ஆர்மீனியத் தேவாலயத்தின் சாயல். அந்த இழுபறிதான் படைப்பின் உயிர். இறுதித் தீர்ப்பு நாளில் எக்காளம் முழங்கும் என்ற ‘தூபா மீரும்’ பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ரெக்வியங்களில் மொட்சார்ட் அங்கே டிராம்போனை வைத்தார், வெர்டி டிரம்பெட்டுகளைக் குவித்தார். மன்சூரியனின் குழுவிலோ பித்தளை வாத்தியமே கிடையாது. இரண்டு தனிக்குரல்கள், பாடகர் குழு, தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். இறுதித் தீர்ப்பை முழங்கி அறிவிக்க அவரிடம் கருவி இல்லை, அவருக்கு வேண்டியதும் இல்லை. தீர்ப்புக்குக் காத்து நிற்பவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட ரெக்வியம் இது என்றே நான் கேட்கிறேன்.

எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். லத்தீன் சொற்களின் பொருளை முன்பே படித்து வைத்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் கேளுங்கள்.